பெடல் குறிகளும் குறுக்குவிசைகளும்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

அண்ணா நகரில் வீட்டிலேயே பியானோ சொல்லிக்கொடுக்கும் எனக்கு, மாணவர்களுக்கான பாடங்களைக் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இசையைக் கணினியில் எழுதி அச்சிட உதவும் மியூஸ்ஸ்கோர் மென்பொருளின் 3.6 பதிப்பு வெளிவந்தபோது, அது இலவசம் என்பதாலும், அதனுடன் வந்த லேலண்ட் எழுத்துரு அச்சுப் புத்தகத்தின் சாயலில் இருந்ததாலும், அந்த வழக்கத்தைக் கைவிட்டேன். ஸ்வரங்களை உள்ளிடுவது ஒரு வாரத்தில் கைவந்துவிட்டது. ஆங்கில 'என்' (N) விசையை அழுத்தினால் உள்ளீட்டு நிலை, 5 அழுத்தினால் கால் நோட், பிறகு ஏ முதல் ஜி வரை எழுத்துகள், ஸ்வரங்களை இணைக்கும் வளைகோடான ஸ்லருக்கு எஸ், ஒலி பெருகுவதற்கும் தேய்வதற்கும் இரண்டு கோணக் குறிகள் என எல்லாம் விரல் நுனியில் இருந்தன. பெடலுக்கு மட்டும் அப்படித் தயாராக ஒரு விசை அமையவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒன்றைப் பற்றியது.

பியானோவில் வலப்பக்கப் பெடலை மிதித்தால் தந்திகளை அடக்கும் டாம்பர்கள் மேலெழுந்து, விரலை எடுத்த பிறகும் ஒலி நீடிக்கும். அதைத் தாளில் காட்ட இரண்டு வழிகள் உள்ளன. மிதிக்கும் இடத்தில் அலங்காரமான 'பெட்' குறியும் விடுமிடத்தில் நட்சத்திரக் குறியும் இடுவது பழைய முறை. கீழ் ஸ்டாஃபுக்கு (இடக்கைக்கான ஐந்து கோட்டு வரிசைக்கு) அடியில் கொக்கியுடன் ஒரு கோடு இழுத்து, பெடலை மாற்றும் இடத்தில் கூரை போன்ற ஒரு முனையைக் காட்டுவது பிந்தைய முறை. தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இரண்டாவது முறையே நல்லது என்பது என் கருத்து. கை புதிய கார்டை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) அடிக்கும் அதே கணத்தில் கால் எழுந்து உடனே மீண்டும் இறங்க வேண்டும் என்ற நுணுக்கத்தை அந்தக் கூரை முனை கண்ணுக்கே காட்டிவிடுகிறது. தவிர, ஒவ்வொரு பீட்டுக்கும் பெடல் மாறும் இடத்தில் பெட்டும் நட்சத்திரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தாளே புள்ளிக் கோலம் போலாகிவிடும்.

முதல் ஆறு மாதம் மவுஸ் வைத்துத்தான் ஒப்பேற்றினேன். எஃப்9 அழுத்திக் குறிகளின் பட்டியலான பேலட்டைத் திறந்து, உரிய பகுதியை விரித்து, ஒவ்வொரு கோட்டையும் இழுத்து வந்து போட்டேன். 32 பார் (நிலைக்கோடுகளால் பிரித்த தாளக் கூறுகள்) உள்ள ஒரு சிறு உருப்படியில் பாருக்கு இரண்டு முறை பெடல் மாறினால் 64 கோடுகள் போட வேண்டும். ஸ்வரம் முழுவதையும் அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டுப் பெடலுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள் பல. அந்த நேரத்தைவிடப் பெரிய நட்டம் வேறொன்று உண்டு. வலக்கை மவுஸில் இருந்ததால் பியானோவைத் தொடுவதே நின்றுபோய், காது கேட்காமலேயே பாரின் தலையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று கண் போன போக்கில் குறியிட்டுக்கொண்டிருந்தேன்.

மாற்றம் கன்ட்ரோலும் எஃப்9உம் சேர்ந்த குறுக்குவிசையால் வந்தது. அது பேலட்டின் தேடல் பெட்டிக்குக் கொண்டுபோகும். முறை இவ்வளவுதான்: இடக்கை ஸ்டாஃபில் பெடல் தொடங்கும் ஸ்வரத்தைத் தேர்ந்து, ஷிஃப்ட்டுடன் வல அம்புக்குறியை அழுத்தித் தேவையான ஸ்வரம் வரை தேர்வை நீட்டிக்கொண்டு, கன்ட்ரோல் எஃப்9 அழுத்தி, ஆங்கிலத்தில் பி, இ, டி (ped) என்று மூன்றெழுத்து அடித்தால் பெடல் வகைகள் மட்டும் வடிகட்டி நிற்கும், டேப் விசையாலும் அம்புக்குறிகளாலும் வேண்டிய வகைக்குப் போய் என்டர் அழுத்தினால், தேர்ந்த பகுதியின் நீளத்துக்குக் கோடு தானே விழும். நீளம் பிசகினால் கோட்டின் முனையைத் தேர்ந்து, ஷிஃப்ட்டுடன் அம்புக்குறியை அழுத்தி ஸ்வரம் ஸ்வரமாக நகர்த்தலாம். கூரை முனை வேண்டுமானால் முதல் கோட்டுக்குச் சாய்ந்த முடிவுக் கொக்கி உள்ள வகையையும், அடுத்த கோட்டுக்குச் சாய்ந்த தொடக்கக் கொக்கி உள்ள வகையையும் தேர வேண்டும்; இரண்டும் சந்திக்குமிடத்தில் கூரை உருவாகிவிடும். வலக்கை ஸ்டாஃபைத் தேர்ந்துவிட்டால் மட்டும் கோடு இரண்டு ஸ்டாஃபுகளுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். தொடக்கத்தில் வாரம் ஒரு முறையாவது அந்தப் பிழையைச் செய்தேன்.

மடிக்கணினியில் இதைச் செய்பவர்களுக்கு ஒரு சிறு தகவல். எஃப் வரிசை விசைகள் பலவற்றில் ஒலியையும் திரை வெளிச்சத்தையும் மாற்றுவதற்கே ஒதுக்கப்பட்டிருப்பதால், எஃப்என் விசையையும் சேர்த்து மூன்று விரலால் அழுத்த வேண்டிவரும். ஆக்டேவ் எட்டாத சிறுவனின் கைபோல என் கையும் திண்டாடியது. விருப்பத்தேர்வுகளில் குறுக்குவிசைப் பட்டியலைத் திறந்து, பேலட் தேடலுக்குக் கைக்கெட்டும் வேறொரு சேர்க்கையை வைத்துக்கொண்ட பிறகே அது பழக்கமானது.

பழக்கமானதும் ஆசை பெருகிற்று. விண்டோஸில் ஓடும் ஆட்டோஹாட்கீ என்ற இலவசக் கருவியைக் கொண்டு, தேடலைத் திறப்பது, மூன்றெழுத்தை அடிப்பது, டேப், என்டர் என்ற அத்தனை படிகளையும் ஒரே விசையில் அடக்கினேன். இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் என் பழைய கணினி கொஞ்சம் தாமதமாக விழித்தது. தேடல் பெட்டி திறப்பதற்குள் கருவி எழுத்துகளை அடித்து முடித்துவிட்டது. நானோ உள்ளீட்டு நிலையிலிருந்து வெளியே வர மறந்திருந்தேன். ஆகவே பி எங்கோ போய்த் தொலைய, இ, டி ஆகிய இரண்டும் ஸ்வரங்களாக இடக்கைக்குள் இறங்கி, அங்கே இருந்த எஃப் மேஜர் கார்டை விழுங்கிவிட்டன. நான் கவனிக்காமல் அச்சிட்டேன். மறுநாள் பத்து வயது மாணவி அதைத் தாளில் உள்ளபடியே வாசித்துவிட்டு, "மிஸ், இந்த இடம் மட்டும் ஏன் மிஸ் இப்படி இருக்கு?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. தவறு முழுக்க என்னுடையது. படிகளுக்கு இடையே அரை நொடி இடைவெளி வைத்து, அந்த ஒற்றை விசைத் தொகுப்பின் முதல் படியாக, உள்ளீட்டு நிலையிலிருந்து வெளியேற்றும் எஸ்கேப்பைச் சேர்த்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பாடல் வரிகளைத் தமிழ்99 அமைப்பில் தட்டச்சு செய்துவிட்டு, மொழியை மாற்ற மறந்து பெடலைத் தேடினால், பி, இ, டி விசைகள் முறையே ண, ஊ, உ ஆகின்றன. தேடல் பெட்டியில் 'ணூஉ' என்று ஏதோ அளபெடைச் சொல் போல வந்து நிற்கும். பேலட்டில் ஒன்றும் கிடைக்காது. முதல் முறை மென்பொருள்தான் கெட்டுவிட்டது என்று எண்ணி மீண்டும் நிறுவவே போய்விட்டேன். இப்போது வரிகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிய பின்பே பெடலுக்கு வருகிறேன்.

2024 ஆகஸ்டில், இதே வேலைக்கான ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தபோது, அதையே ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்த நண்பர் ஒருவர் டோரிகோ என்ற மற்றொரு மென்பொருளுக்கு மாறினார். அவருடைய கணினியில் நானும் இரண்டு மாதம் எழுதிப் பார்த்தேன். பெடல் விஷயத்தில் மட்டும் சொன்னால், டோரிகோவின் வழி இன்னும் நேரடியானது. ஷிஃப்ட்டும் பி (P) விசையும் அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும்; அதில் அதே மூன்றெழுத்தை அடித்து என்டர் அழுத்தினால் கோடு தயார். கூரைக் குறியை அடித்தால் அந்த இடத்தில் பெடல் மாற்றம் விழும். ஷிஃப்ட், ஆல்ட், அம்புக்குறி மூன்றும் சேர்ந்தால் கோடு நீளும் அல்லது குறுகும். கூரை முனைக்காக இரண்டு தனிக் கோடுகளைப் பொருத்த வேண்டியதில்லை, ஒரே கோட்டுக்குள் மாற்றம் அடங்கிவிடுகிறது என்பது பெரிய வசதி. ஆயினும் என் மாணவர்கள் கோப்பைத் தங்கள் வீட்டில் திறந்து, வேகத்தைக் குறைத்துக் கேட்டுப் பழகுகிறார்கள். எல்லோர் வீட்டிலும் மியூஸ்ஸ்கோர் இருக்கிறது. ஆகவே நான் மியூஸ்ஸ்கோரின் 4ஆம் பதிப்போடு இங்கேயே நின்றுவிட்டேன்.

அப்படிக் கேட்டுப் பழகும்போது பெடல் கோடு வெறும் அச்சு அலங்காரமாக இருப்பதில்லை. கணினிக்கும் மின்னணு இசைக்கருவிகளுக்கும் பொதுவான கட்டளை முறையான மிடியில் 64ஆம் எண் கட்டுப்பாடு டாம்பர் பெடலுக்கானது. மதிப்பு 64 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெடல் கீழே இருப்பதாகப் பொருள். கோடு ஒரு ஸ்வரம் அதிகமாக நீண்டுவிட்டால் அடுத்த கார்டு முந்தையதன் மேல் கலங்கி ஒலிப்பது ஸ்பீக்கரிலேயே கேட்கும். என் கண்ணில் படாத பிழைகள் பல இவ்வாறு காதில் மாட்டியிருக்கின்றன.

இதில் எனக்கு மிகுந்த பயன் தந்தது கர்நாடக இசை உருப்படிகளைப் பியானோவுக்கு எழுதும் வேலை. டிசம்பர் நெருங்கினால் மேற்கத்திய இசை கற்கும் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளுக்கும் 'நம்ம பாட்டு ஒண்ணு வாசிக்கட்டுமே' என்ற ஆசை வந்துவிடும். மோகன ராகத்தில் அரை ஸ்வர இடைவெளியே இல்லாததால், சி, டி, இ, ஜி, ஏ ஆகிய ஐந்தும் ஒரே பெடலில் கலந்தாலும் காதைக் கடிக்காது. இரண்டு பாருக்கு ஒரு கோடு போட்டாலும் போதும். மாயாமாளவகௌளையிலோ ஸவும் சுத்த ரிஷபமும், காந்தாரமும் மத்தியமமும், பவும் சுத்த தைவதமும், நிஷாதமும் மேல் ஸவும் ஒட்டியொட்டி நிற்பதால், பெடலை மாற்றாமல் வைத்திருந்தால் வெறும் சேறுதான். சரளி வரிசையை அந்த ராகத்தில் எழுதும்போது எந்தெந்த ஜோடிக்கு இடையில் கால் எழ வேண்டும் என்பதை இடக்கையால் பியானோவில் வாசித்துப் பார்த்து, வலக்கையால் அப்போதே குறியிட முடிந்தது. மவுஸ் காலத்தில் இது எனக்குக் கைகூடியதில்லை.

எளிதாகிவிட்டதால் வந்த கெடுதலையும் சொல்ல வேண்டும். ஒரு பாரில் போட்ட பெடலை ஸ்வரங்களோடு நகலெடுத்து ஒட்டினால் கோடும் கூடவே வந்துவிடும் என்பதால், ஒரு கட்டத்தில் எந்தத் தாளை எடுத்தாலும் அடி முழுக்கக் கோடாகவே இருந்தது. நடை மாறாத பகுதிகளில் முதல் நான்கு பாருக்கு மட்டும் குறியிட்டு, கன்ட்ரோலும் டி (T) விசையும் அழுத்தி, 'இதே போலத் தொடர்க' என்ற பொருளில் 'சிமிலே' என்று ஒரு சொல் எழுதினால் வாசிப்பவருக்குப் புரியும். பீத்தோவன் 1801இல் எழுதிய சி ஷார்ப் மைனர் சொனாட்டாவின் முதல் பகுதிக்கே 'டாம்பர் இல்லாமல்' என்ற பொருளில் தொடக்கத்தில் எழுதிய அறிவுறுத்தல்தான் பெடலுக்கு வழிகாட்டி. இவை தெரிந்திருந்தும், விசை கையில் இருக்கிறதே என்று நான் குறிகளை வாரி இறைத்தேன்.

இப்போது முதல் அச்சில் பெடலே போடுவதில்லை. மாணவி வாசிப்பாள், மொசைக் தரையில் வழுக்கி ஓடும் அந்தச் சின்னப் பெடல் பெட்டியை ஒரு காலால் இழுத்து வைத்துக்கொண்டே அவள் எங்கே மிதிக்கிறாள், எங்கே தயங்குகிறாள் என்று பென்சிலால் குறித்துக்கொள்வேன். அவற்றைச் சரிபார்த்து அன்றிரவே கணினியில் ஏற்றுவதற்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருக்கிறது.