வன்னிக்கு எந்தச் சில்லு? பாவித்த மவுண்டன் சைக்கிளில் 26, 27.5, 29

பாவித்த மவுண்டன் சைக்கிள் பார்க்கப் போனால் விற்கிறவர் முதலில் கியரைத்தான் காட்டுவார். 21 கியர், டிஸ்க் பிறேக், முன்னுக்கு சொக் என்று அடுக்கிக்கொண்டே போவார். அதெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் குனிந்து ரயரின் பக்கவாட்டில் என்ன இலக்கம் இருக்கிறது என்று வாசியுங்கள். மாரி முடிந்து ரயர் தேய்ந்த பிறகு மாற்று ரயருக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அந்த இலக்கம்தான் சொல்லும். வன்னியில் பெரும்பாலானவர்களுக்கு 26 அங்குலச் சில்லுதான் சரி என்பது என் முடிவு. உயரமானவர், தினமும் நீண்ட தூரம் உழக்குகிறவர் என்றால் 29 எடுக்கலாம். 27.5 இல் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

மவுண்டன் சைக்கிள் 1970களில் கலிபோர்னியாவில் உருவானபோது, அங்கே கிடைத்த பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களின் 26 அங்குலச் சில்லைத்தான் எடுத்துப் பாவித்தார்கள். அதன் பிறகு பல வருஷங்களுக்கு அந்த அளவுதான் ஓடியது. 29 பரவியது 2000களில், 27.5 பரவியது 2012ஐ ஒட்டி. ஆகவே பாவித்த சைக்கிள் சந்தையில் பழையவை அனேகமாக 26 ஆகத்தான் இருக்கும்.

இந்த 26, 29 எல்லாம் ரயரோடு சேர்த்துச் சொல்கிற பருமட்டான அளவுகள். ரயர் ரிம்மில் பொருந்துமா என்பதைச் சொல்வது வேறோர் இலக்கம். 50-559 என்ற மாதிரி இரண்டு எண்கள் ரயரில் இருக்கும். பின்னால் வருவது ரயர் உட்காரும் விட்டம், மில்லிமீற்றரில். மவுண்டன் 26 என்றால் 559, 27.5 என்றால் 584, 29 என்றால் 622.

ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஜப்பானில் இருந்து வரும் கூடை வைத்த சைக்கிள்களிலும் 26 என்று இருக்கும். ஆனால் அது 26 x 1 3/8, விட்டம் 590. மவுண்டன் ரிம்முக்கு அந்த ரயர் தொளதொள என்று நிற்கும். அதேபோல வீட்டில் நிற்கிற பெரிய பார் சைக்கிளின் 28 x 1½ ரயர் 635. பார்வைக்கு 29க்குக் கிட்ட வரும், ஆனாலும் 622 ரிம்மில் அது பிடிக்காது. 26 x 1.95, 26 x 2.1 என்று புள்ளி போட்டு எழுதியிருந்தால் அது அனேகமாக மவுண்டன் ரயர். பின்னமாக எழுதியிருந்தால் வேறு சாதி.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். ஏ-9 வீதியிலும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலும் மூன்றும் நன்றாகத்தான் ஓடும். வித்தியாசம் தெரிவது உள்ளே திரும்பிய பிறகு. கிறவல் வீதி மாரிக்குப் பிறகு அலையலையாகக் கிடக்கும். அதில் 29 கிடங்குகளின் மேலால் உருண்டு போய்விடும், கைக்கு அடி குறைவு. ஒரு சுற்றுக்கு 29 சில்லு ஏறக்குறைய 2.29 மீற்றர் போகும், 26 சில்லு 2.05 மீற்றர். கியர் வித்தியாசத்தைச் சமாளித்துவிடும் என்றாலும், ஒட்டுசுட்டானில் இருந்து முத்தையன்கட்டுப் பக்கம் போகிற மாதிரி நேர் ஓட்டத்தில் பெரிய சில்லு எடுத்த வேகத்தை விடாது. இதில் 26 தோற்றுத்தான் போகும், மறைக்க ஒன்றுமில்லை.

மணலில் கதை வேறு. நந்திக்கடல் பக்கத்து மணல் ஒழுங்கைகளில் கைகொடுப்பது ரயரின் அகலம்தான். 2.1 அங்குல அகல ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் 26 கூட ஓடும், 1.5 ரயர் போட்ட 29 புதையும். குளக்கட்டின் ஒற்றையடிப் பாதையில் சட்டென்று திருப்பவும், நின்ற இடத்தில் இருந்து மிதித்து எடுக்கவும் 26 லேசு.

அடுத்தது வீட்டுக் கணக்கு. எங்கள் பக்கத்தில் ஒரு சைக்கிளை ஒருவர் மட்டும் பாவிப்பது குறைவு. காலையில் அண்ணா வயலுக்குக் கொண்டு போவார், பிறகு அம்மா கடைக்கு, பின்னேரம் தங்கச்சி ரியூஷனுக்கு. 26 சட்டம் தாழ்வு, சீற்றை ஏற்றி இறக்கினால் எல்லோருக்கும் கால் எட்டும். ஐந்தடிக்காரருக்கு 29 சிரமம். நிறுத்தும்போது பாரில் இடிக்கும். கரியரில் அரிசி மூட்டை கட்டுகிறவருக்கும் 26 நல்லது. கம்பியின் நீளம் குறைவு, அதனால் சில்லு உறுதி. பாரமும் தாழ்வாக நிற்கும். உங்கள் உயரம் ஐந்தடி எட்டுக்கு மேலே, சைக்கிள் உங்களுக்கு மட்டும்தான் என்றால் இந்தக் கணக்கு உங்களைக் கட்டாது.

27.5 இல் என்ன குறை? ஓட்டத்தில் ஒன்றுமில்லை. 26ஐ விட ஆரை ஒன்றே கால் சென்ரிமீற்றர்தான் கூட, கிடைக்கிற நன்மையும் அவ்வளவுதான். ஆனால் கிராமத்துச் சைக்கிள் கடையில் ரயர் இல்லாவிட்டால் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ ஓட வேண்டும். ரியூப் வெடித்தால் 26 ரியூப்பை இழுத்துப் போட்டுச் சமாளிக்கலாம், ரயருக்கு அப்படி முடியாது. புது ரயர் போட்ட 27.5 நல்ல விலைக்கு வந்தால் எடுங்கள். தேய்ந்த ரயரோடு வந்தால் புது ரயரின் விலையைக் கழித்துக் கேளுங்கள். பிறகு வேறு அளவுச் சில்லு மாற்றலாம் என்று நினைத்து வாங்கவே வேண்டாம். ரிம்மைப் பிடிக்கிற பிறேக்கில் கட்டை எட்டாது. டிஸ்க் என்றாலும் சட்டத்தில் இடம் போதாமல் போகும், அல்லது பெடல் நிலத்துக்குக் கிட்ட வந்துவிடும்.

அளவு முடிவானதும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். சில்லைச் சுழற்றி, பிறேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையிலான இடைவெளி ஆடுகிறதா என்று பாருங்கள். ரிம்மின் பக்கத்தைப் பெருவிரலால் தடவுங்கள். உள்ளே குழிந்திருந்தால், மாரிச் சேறும் பிறேக் கட்டையும் சேர்ந்து அரைத்த ரிம் அது, ஒருநாள் வெடிக்கும். செயினுக்கு ஓர் அடிமட்டம் போதும். ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்து, அடுத்த ஆணியை ஒன்று என்று எண்ணினால் 24 ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளினால் செயின் மாற்ற வேண்டும், எட்டில் ஒரு பங்கு தள்ளினால் பின்பல்லும் சேர்த்துத்தான்.

பெடல் தண்டைப் பிடித்து இரு பக்கமும் ஆட்டி, தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். முன் பிறேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். டக் டக் என்றால் கழுத்து போல்ஸ் தளர்ந்திருக்கிறது அல்லது சொக் தேய்ந்திருக்கிறது. கழுத்து போல்ஸை இறுக்கலாம். மலிவுச் சொக் துருப்பிடித்திருந்தால் திருத்துவதற்குச் செலவழிக்காதீர்கள், சொக் இல்லாத நேர் போர்க் ஒன்று போட்டுவிடுங்கள். மலை இல்லாத வன்னி நிலத்தில் அது குறையே இல்லை. இரட்டைச் சொக் சைக்கிள் எங்களுக்கு வீண் பாரம். டிஸ்க் பிறேக் சேற்றுக்கு உண்மையிலேயே நல்லது, ஆனால் கேபிளில் இழுபடுகிறதா என்று பாருங்கள். எண்ணெயில் இயங்குவதென்றால் ஊர்க்கடையில் திருத்துவது கஷ்டம்.

நல்ல ரிம் உள்ள 26 ஒன்றும், தேய்ந்த செயினோடு மினுங்குகிற 29 ஒன்றும் ஒரே விலைக்கு நின்றால் நான் 26ஐத்தான் எடுப்பேன். செயின் மாற்றாமல் மிஞ்சுகிற காசில் இரண்டு 2.1 ரயர் வாங்கி, நெருஞ்சி முள்ளுக்காகப் பழைய ரியூப்பை நீளமாக வெட்டி ரயருக்குள் விரித்துவிட்டு, ஒரு சுற்று ஓடிப் பார்த்த பிறகு கம்பிகளை இன்னொருமுறை இறுக்கிக்கொள்வேன்.