கேட்டவுடன் சேலைன் ஏற்றாத நேர்ஸ்

வீட்டுக்கே வந்து நரம்பில் மருந்து ஏற்றிவிட்டுப் போகும் தனியார் தாதியர் சேவை ஒன்றை மாமிக்காக எடுத்தோம். நல்லதும் கெட்டதும் சேர்த்து எழுதுவதால் பெயர் போடவில்லை. யாழ்ப்பாணத்தில் கோண்டாவில், கொக்குவில் பக்கம் விசாரித்தால் இப்படிச் சேவை செய்பவர்கள் கிடைப்பார்கள்.

மாமிக்கு 74 வயது, சீனியும் பிரஷரும் உண்டு. காலில் கிருமி ஏறி வீங்கி, ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகும் செஃப்ட்ரையாக்சோன் என்ற அன்ரிபயோட்டிக் ஊசி தொடர வேண்டியிருந்தது. நாளுக்கு ஒரு முறை போட்டால் போதும் என்பதால் டொக்டரே வீட்டில் போடலாம் என்றார். அந்தக் காலோடு தினமும் ஓட்டோவில் ஏற்றி இறக்குவது நடக்கிற காரியமில்லை.

போன் எடுத்ததும் காசு பேசுவார்கள் என்று நினைத்தேன். முதலில் வருத்தமும் மருந்தும் எழுதி ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். இந்த மருந்து ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் போடப்பட்டதா, பென்சிலின் ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார்கள். புது அன்ரிபயோட்டிக்கின் முதல் ஊசியை வீட்டில் போட மாட்டார்களாம். கடுமையான அலர்ஜி வந்தால் வீட்டில் வைத்துச் சமாளிப்பது கஷ்டம். அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வந்த நேர்ஸ் பிள்ளை கையைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிட்டுத்தான் பையைத் திறந்தது. முழங்கை மடிப்பை விட்டு, முன்கையில் நரம்பு தேடி, நீல நிறக் கனுலா (நரம்புக்குள் வைக்கும் சின்னக் குழாய்) போட்டது. வயதானவர்களின் மெல்லிய நரம்புக்கு அந்த 22 கேஜ் அளவு போதுமாம். ஸ்பிரிட் காயும் வரை காத்திருந்து குத்தியது, ஒரே குத்து. உள்ளே ஊசி இருக்கிறது என்ற பயத்தில் மாமி ஆஸ்பத்திரியில் கையை மரக்கட்டை மாதிரி நீட்டியே வைத்திருந்தவர். "ஊசி வெளியில வந்திட்டுது அம்மா, உள்ளுக்க இருக்கிறது மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான்" என்று கழற்றிய ஊசியைக் காட்டியது. அதற்குப் பிறகுதான் மனுசி கையை அசைத்தார்.

100 மில்லிலீற்றர் பையில் மருந்தைக் கலந்து அரை மணித்தியாலத்தில் விட வேண்டும். அந்தக் குழாயில் 20 துளி ஒரு மில்லிலீற்றர். மணிக்கூட்டைப் பார்த்து நிமிடத்துக்கு 67 துளி அளவில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையைத் திருகி வைத்தது. பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "இன்னும் கொஞ்சம் வேகமா விடுங்கோவன், கெதியா முடியட்டும்" என்றார். எங்கள் ஊரில் சேலைன் என்றால் எல்லோரும் டொக்டர்தான்.

மாமியும் சும்மா இருக்கவில்லை. "பிள்ளை, உடம்பு அலுப்பா கிடக்கு, இதோட ஒரு சேலைன் போத்தலும் ஏத்தி விடன்." காசுக்காக ஏற்றிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இந்தப் பிள்ளை மறுத்துவிட்டது. "வாயால சாப்பிடுறீங்கள், குடிக்கிறீங்கள். டொக்டர் எழுதாமல் நான் போட மாட்டன்." அரை லீற்றர் சேலைனில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது; உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் குறைவாக எடுக்கச் சொல்கிறது. பிரஷர்காரருக்கு அது தேவையா? குளுக்கோஸ் போத்தலாவது ஏற்றலாமே என்று மாமி விடவில்லை. ஐந்து வீதக் கரைசல் அரை லீற்றரில் 25 கிராம் குளுக்கோஸ். சத்து என்று பார்த்தால் நூறு கலோரிக்கு மேல் தேறாது, சீனி வருத்தத்துக்கு அதுவே தலையிடி. மாமிக்குக் கோபம்தான். எனக்கு இந்தச் சேவையில் பிடித்ததே இதுதான்.

இனிக் குறை. நேரம் சொன்னால் சொன்னபடி வருவதில்லை. ஒன்பது மணி என்றால் பதினொன்றும் ஆகும், போன் எடுத்துச் சொல்லவும் மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேறொருவரை அனுப்பினார்கள். அவர் அடுத்த வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் இருந்தார். உருளையை முழுக்கத் திறந்துவிட்டார். மாமி எரியுது என்று சொல்லியும் "கொஞ்சம் எரியும்" என்றார். பஞ்சும் ஊசி மூடியும் எங்கள் மேசையிலேயே கிடந்தன. மற்றப் பிள்ளையென்றால் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்.

அன்று பின்னேரம் நரம்பு வழியே சிவந்து, தொட்டால் நோவு. படம் எடுத்து அனுப்பினேன். இரவானாலும் வழமையான பிள்ளையே வந்து கனுலாவைக் கழற்றி, மற்றக் கையில் புதிதாகப் போட்டு, பிளாஸ்டரில் திகதி எழுதிவிட்டுப் போனது. அதற்குக் காசு வாங்கவில்லை.

அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைப்பதற்குத்தான் இங்கே காசு கொடுக்கிறோம், அதை யோசித்து எடுங்கள். கனுலா, குழாய், போக்குவரத்து எல்லாம் தனித்தனியாகப் பில்லில் வரும். எடுப்பதென்றால் ஞாயிற்றுக்கிழமை யார் வருவார் என்று முதலே கேட்டு வையுங்கள். சேலைனுக்கு ஆசைப்படும் மாமிமார் வீட்டில் இருந்தால், தாராளமாக இவர்களைக் கூப்பிடலாம்.