மழைநீரா, ஆர்.ஓ. நீரா, கிணற்றுநீரா? வன்னியில் ஓர் அமேசன் சருகோடை

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில், இரண்டடி நீளத் தொட்டியொன்றில், அப்பிஸ்டோகிராமா அகசிசி என்னும் குறுஞ்சிக்லிட் மீன்களை மூன்று மாரிகளாக வளர்த்து வருகிறேன். 1875இல் விபரிக்கப்பட்டு, இயற்கையியலாளர் லூயி அகசிசின் பெயர் சூட்டப்பட்ட இந்த மீன், அமேசனில் வந்து சேரும் சிற்றோடைகளின் கரையோரங்களில், காட்டு மரங்கள் உதிர்த்த சருகுப் படுக்கைக்குள் வாழ்வது. அந்தச் சருகோடையைப் போலவே தொட்டியை அமைக்க விரும்புவோருக்கு மணலும் கட்டையும் இலையும் ஒரு பிற்பகல் வேலைதான். இந்த மீனுக்கு உப்புக் குறைந்த, சற்று அமிலமான மென்னீரே உகந்தது என்பதால், எந்த நீரை ஊற்றுவது, ஆவணி மாதத்திலும் அதே நீரை எங்கிருந்து எடுப்பது என்பதே வன்னியில் பெரிய கேள்வி. கிணற்றுநீர், ஆர்.ஓ. நீர் (நுண்சவ்வின் வழியே அழுத்தி உப்பு நீக்கிய நீர்), மழைநீர் ஆகிய மூன்றையும் நான் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். இப்போது மழைநீர்ப் பக்கமே நிற்கிறேன்.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இந்த மீன்கள் மணலை வாயில் அள்ளி, இரையைப் பிரித்தெடுத்து, மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்ப்பவை. ஆகவே கழுவிய நுண்மணல் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் போதும். கடற்கரை மணல் ஆகாது. ஐயமிருந்தால் ஒரு கைப்பிடி மணலில் சிறிது வினாகிரியை ஊற்றிப் பாருங்கள். சிப்பித் துகள் இருந்தால் நுரைக்கும், அத்தகைய மணல் நாளடைவில் நீரைக் கடினமாக்கிவிடும். சிறு வாசல் அரிந்த சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் பெண்மீன் அதன் உட்கூரையில் முட்டைகளை ஒட்டும். நாட்டு வாதுமையின் தானாக உதிர்ந்து காய்ந்த இலையே எனக்குப் பிடித்தது. மருதமிலையும் போட்டிருக்கிறேன், ஆனால் மருதம்பட்டையின் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதியாக இருப்பதால், பட்டையோடு கூடிய மருதங்கட்டையைத் தவிர்த்துப் பாலைக் கட்டையையே வைக்கிறேன். இந்த அளவுத் தொட்டிக்கு ஓர் ஆணும் இரண்டு பெண்களும் போதும்.

கிணற்றுநீரின் நன்மை வெளிப்படையானது: அது எப்போதும் இருக்கிறது, செலவில்லை. அதன் குறையைக் காண எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பார்த்தாலே போதும். தேய்த்து ஒரு மாதத்துக்குள் வெண்படலம் மறுபடி பிடித்துவிடுகிறது. இத்தகைய நீரில் எத்தனை இலை போட்டாலும் நிறம் மட்டுமே தேநீர் போலாகும். இலையிலிருந்து கசியும் மென்னமிலத்தை நீரில் கரைந்துள்ள பைகாபனேற்று உடனுக்குடன் நடுநிலையாக்கிவிடுவதால் பிஎச் (நீரின் அமில, கார அளவு) அசைவதேயில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது அமேசனின் கருநீர்க் கிளையாறான ரியோ நீக்ரோவாகத் தோன்றலாம். மீனுக்கு அது எங்கள் கிணறுதான். அகசிசி அந்த நீரில் உயிர்வாழும், ஆனால் முட்டைகள் பொரிப்பது அரிது. கிணற்றுநீர் மட்டுமே கிடைப்பவர்கள் அகசிசியை விட்டு, அதே பேரினத்தைச் சேர்ந்த அப்பிஸ்டோகிராமா ககாடுவோயிடெசைத் தேர்ந்தால் நல்லது. கடினத்தை அது கூடுதலாகத் தாங்கும். அதற்கும் சருகுப் படுக்கை பொருத்தமே.

சிறுநீரக நோய் குறித்த அச்சத்தால் வவுனியா மாவட்டத்தின் பல ஊர்களில் ஆர்.ஓ. முறையில் குடிநீர் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்துள்ளன. உப்புகள் நீக்கப்பட்டு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே தரத்தில் கிடைப்பதால், மீன்வளர்ப்புக்கு மட்டும் பார்த்தால் மூன்றிலும் ஒழுங்கானது இந்த நீரே. சேமிக்கும் தொல்லையும் இல்லை. இருந்தும் கோடையில், பத்துப் பன்னிரண்டு பேர் குடிநீருக்குக் கலனோடு வரிசையில் நிற்கும்போது, மீன்தொட்டிக்கென்று இருபது லீற்றர் கேட்டு நிற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் சொந்தமாகக் கருவி பொருத்தலாம். ஆனால் ஒரு லீற்றர் நல்ல நீருக்கு அதைவிடக் கூடுதலான நீரைக் கழிவாக வெளியேற்றும் கருவிகளே பல. அத்தகைய கருவியை உறவினர் ஒருவர் வீட்டில் சில வாரங்கள் பார்த்ததைத் தவிர எனக்கு அதில் நீண்ட பழக்கமில்லை.

மழைநீர் ஐப்பசியிலிருந்து தை வரை கூரையிலேயே வந்து இறங்குகிறது. பத்துச் சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர். முதல் இரண்டு மழையில் கூரையின் தூசியும் பறவை எச்சமும் கழுவுண்டு போகவிட்டு, அதன் பின்னரே பீலியைத் தாங்கியின் பக்கம் திருப்புகிறேன். சீமெந்துத் தொட்டியில் சேர்த்தால் சுண்ணாம்பு கரைந்து மழைநீரின் மென்மை போய்விடும். பிளாஸ்ரிக் தாங்கியே வேண்டும், அதன் வாயில் நுளம்பு புகாத வலையும் வேண்டும்.

மழைநீரைச் சேர்ப்பது எளிது. அடுத்த மாரிவரை அதைக் காப்பாற்றுவதில்தான் முதலாண்டில் தவறினேன். என்னிடம் 200 லீற்றர் பீப்பா ஒன்றே இருந்தது. வாரம் 10 லீற்றர் மாற்றவும், ஆவியாவதை ஈடுசெய்ய ஐந்து லீற்றர் நிரப்பவும் செலவிட்டதில் சித்திரை பிறந்தபோது கால்வாசிதான் எஞ்சியது. எனவே நீர் மாற்றுவதை நிறுத்தி, குறைவதை மட்டும் நிரப்பி வந்தேன். நீர் தெளிவாக இருந்தது, மீன்களும் தின்றன, எனவே எல்லாம் சரி என்றே நம்பினேன். ஆனி கழிந்து, சோளகக் காற்றில் பீப்பா வற்றிய நாளில், ஒரேயொரு தடவைதானே என்று 15 லீற்றர் கிணற்றுநீரை ஊற்றினேன். பொழுது சாயும் முன்பே மூன்று மீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் விரைந்து அடித்தன. விடியும்போது ஆண்மீன் சிரட்டையின் அருகே செத்துக் கிடந்தது.

காரணம் பின்னர்தான் விளங்கியது. நீர் மாற்றாத மாதங்களில் அமிலத்தன்மை ஏறி, கழிவைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் மந்தமாகியிருந்தன. கழிவு அமோனியமாகத் தேங்கியது. அமில நீரில் அது பெரிதாகத் தீங்கு செய்யாது. நான் ஊற்றிய கடின நீர் பிஎச்சை மேலே தூக்கியதும், தேங்கியிருந்த அமோனியத்தின் ஒரு பகுதி நச்சு அமோனியாவாக மாறிவிட்டது. பல மாதங்கள் மென்னீரில் இருந்த தொட்டிக்குக் கிணற்றுநீர் அவசர உதவியாகாது என்பதை அன்று கற்றேன். அதனால்தான் நீரின் தரத்தைவிட அதன் தொடர்ச்சியையே நான் முதலில் பார்க்கிறேன். வாரம் 15 லீற்றர் என்றால் மாசி தொடங்கி ஐப்பசி மழைவரை 35 வாரங்களுக்கு ஏறத்தாழ 525 லீற்றர் வேண்டும். இப்போது 500 லீற்றர் தாங்கியொன்று நிற்கிறது. குறையைச் சித்திரையில் இடையிடையே பெய்யும் மழை ஈடுசெய்கிறது. தாங்கி வைக்க இடமில்லாதவர், கூரையே தமதல்லாத வாடகை வீட்டுக்காரர் ஆகியோருக்கு ஆர்.ஓ. நீரையே பரிந்துரைப்பேன், ஆனால் தொடங்கிய நீர்வகையை விட்டு இடையில் வேறொன்றுக்கு மாறக்கூடாது.

வெப்பம் இன்னும் தீராத சிக்கலாகவே இருக்கிறது. வைகாசிக்குப் பின் தொட்டிநீர் 30 பாகையைத் தாண்டிவிடுகிறது. இந்தப் பேரினத்து மீன்கள் பலவற்றில், குஞ்சுகளின் தொடக்க வாரங்களில் நீர் சூடாக இருந்தால் ஆண்களே கூடுதலாகின்றன. சென்ற ஆண்டு கோடையில், உடல் மஞ்சளாகி, கறுப்புக் குறிகளோடு சிரட்டை வாசலைக் காத்து நின்ற பெண்மீன் பொரித்த குஞ்சுகளில் பெரும்பாலானவை ஆண்களாகவே வளர்ந்தன. மூடியைச் சற்றுத் திறந்து, சிறு மின்விசிறியால் நீர்ப்பரப்பில் காற்றடித்தால் இரண்டு பாகைவரை குறைகிறது. ஆனால் காற்றோடு நீரும் போய்விடுவதால் நிரப்பும் மழைநீர் வாரத்துக்கு ஐந்திலிருந்து பத்து லீற்றராகிறது. அந்தக் கணக்குக்காக, இந்த ஐப்பசிக்கு முன் பீலியின் மறுமுனையில் இன்னுமொரு 200 லீற்றர் பீப்பாவை வைக்கக் கல்லடுக்கிவிட்டேன்.