கந்தளாய் வீதிச் சட்டித் தயிர்: எது எருமை, எது மா?

கொழும்பு, கண்டிப் பக்கமிருந்து திருகோணமலைக்கு வரும் வீதியில் கந்தளாய் தொடங்கித் தம்பலகாமம் வரை பெட்டிக்கடைகளில் தயிர்ச் சட்டி அடுக்கியிருக்கும். எந்தக் கடையில் நிறுத்தினாலும் ஒரே பேச்சுத்தான்: "அசல் எருமைத் தயிர்". நல்ல சட்டி கையில் கிடைத்தால், நகரத்துக் கடைகளில் விற்கும் பிளாஸ்ரிக் கப் தயிர் எதுவும் அதற்குக் கிட்டவும் வராது. ஆனால் பால் மாவும் பசுப்பாலும் கலந்த தயிருக்கும் அதே சட்டி, அதே கடதாசி மூடி, அதே விலை. பார்த்து வாங்கத் தெரிய வேண்டும்.

எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதத்தை ஒட்டி இருக்கும், பசுப்பாலில் 4 வீதத்தை ஒட்டி. புரதமும் எருமைப் பாலில் கூட. அதனால் வேறெதுவும் சேர்க்காமலே வெட்டி எடுக்கிற பதத்துக்கு உறையும். நிறம் வெள்ளை வெளேரென்று இருக்கும். மஞ்சள் ஓடினால் பசுப்பால் சேர்ந்திருக்கிறது. பசுப்பால் கெட்டதல்ல, எருமைப் பாலின் விலையை அதற்கு ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

கரண்டியைச் செங்குத்தாக இறக்கி ஒரு துண்டை அள்ளுங்கள். குழியின் சுவர் இடியாமல் நிற்க வேண்டும், வெட்டுமுகம் வழுவழுவென்று இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் இளம்பச்சை கலந்த தெளிந்த தண்ணி குழிக்குள் ஊறும். பலர் இதைக் கண்டு தயிர் பழுதென்று நினைக்கிறார்கள். அது தயிர் இயல்பாக விடும் தண்ணி. இரண்டு நாளாகியும் ஒரு சொட்டுத் தண்ணி விடாமல், சட்டியை ஆட்டினால் ஜெலி போலக் குலுங்குகிற தயிரைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதில் ஜெலற்றின் போட்டிருக்கலாம். பால் மா கூடினால் சட்டியின் அடியில் நாக்கில் நெருடுகிற மணல்தன்மையும், காய்ச்சிய மாவின் மணமும் இருக்கும். தயிரைக் கெட்டியாக்கச் சேர்க்கும் சோள மாவைப் பிடிக்க வீட்டிலேயே வழி உண்டு: ஒரு தேக்கரண்டித் தயிரை இரண்டு கரண்டித் தண்ணீருடன் கொதிக்க வைத்து, நன்றாக ஆறிய பிறகு பார்மசியில் விற்கும் டிங்சர் அயடீனில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். நீலம் கறுத்தால் சோள மா இருக்கிறது. ஆறுமுன் விட்டால் நிறம் வராது, ஆகவே அவசரப்பட வேண்டாம். சோதித்த தயிரை ஊற்றிவிடுங்கள்.

உறை போடுவதிலும் தவறு நடக்கும். பாலைக் காய்ச்சி, 40 பாகை அளவுக்கு ஆறவிட்டு, லீற்றருக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி உறை கலந்து சட்டியில் ஊற்றி, ஓர் இரவு அசையாமல் வைப்பதுதான் முறை. சூட்டோடு உறை விட்டால் தயிர் திரிந்து தண்ணியும் கட்டியுமாகப் பிரியும். பழைய உறையைத் திரும்பத் திரும்பப் பாவித்தால் கரண்டியில் நூல் இழுக்கும். மூடி உப்பியிருந்தாலோ தயிருக்குள் ஊசித்துளை போலக் காற்றுக் குமிழ் தெரிந்தாலோ பாலோ சட்டியோ சுத்தமில்லை. அதை விலை குறைத்துத் தந்தாலும் எடுக்காதீர்கள். ஒருமுறை பாவித்த சட்டியைக் கழுவி மறுபடி நிரப்பினாலும் இதே கதி வரலாம். மண்ணின் துளைக்குள் போன பழைய புளிப்பு கழுவினால் போகாது.

இனிக் காசு விடயம். தயிரை எடை போட்டு விற்பதில்லை, "ஒரு லீற்றர் சட்டி" என்ற பேச்சில்தான் விற்கிறார்கள். அடி தடித்த சட்டி வெளியே பெரிதாகத் தெரியும், உள்ளே இடம் குறைவு. தயிர் முடிந்ததும் சட்டியில் தயிர் நின்ற கோடு வரை தண்ணீர் ஊற்றி, அளவுக் குவளையில் அளந்து பாருங்கள். 800 மில்லிலீற்றர்தான் பிடிக்கிறதென்றால் கொடுத்த விலையை 0.8 ஆல் பிரியுங்கள். அதுதான் உண்மையான லீற்றர் விலை. அடுத்த முறை பக்கத்துக் கடைச் சட்டியோடு ஒப்பிட இந்தக் கணக்கு உதவும். மண்சட்டி தண்ணியை உறிஞ்சுவதால் கோடு கொஞ்சம் இறங்கியிருப்பது வழமை, ஒரு விரலுக்கு மேல் இறங்கினால் ஊற்றும்போதே குறைத்திருக்கிறார்கள்.

மாதத்தையும் பாருங்கள். மாரி மழைக்குப் பின் புல் தழைத்திருக்கும் தை, மாசியில் பட்டிகளில் பால் தாராளம். வைகாசி முதல் புரட்டாதி வரை இங்கே கடும் வெயில், மேய்ச்சல் காய்ந்து பால் வற்றும். உப்புவெளி, நிலாவெளிக்கு உல்லாசப் பயணிகள் குவிவதும் இதே மாதங்களில்தான். ஆடி அமாவாசைக் கூட்டமும் இதற்குள் வந்துவிடும். பால் குறைகிற நேரத்தில் கேள்வி ஏறுவதால் மா கலக்கிற ஆசை வருவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் எத்தனை மணிக்குப் போனாலும் சட்டி குறையாத கடையைவிட, "முடிஞ்சுது அண்ணை, நாளைக்குக் காலமை வாங்கோ" என்று சொல்கிற கடை நம்பத்தக்கது.

எப்போது உறை போட்டதென்று கேளுங்கள். "நேற்றுப் பின்னேரம்" என்று தயங்காமல் பதில் வர வேண்டும். வெயில் படுகிற முன் தட்டுச் சட்டியை விட்டுவிட்டு நிழலில் உள்ளதைக் கேளுங்கள், வெயிலில் நின்றது வீடு போய்ச் சேருமுன் புளிக்கும். பஸ்ஸில் கொண்டு போகிறவர்கள் சாரதிக்குப் பக்கத்து எஞ்சின் பெட்டிமேல் வைக்க வேண்டாம். அந்தச் சூட்டில் புளிப்பு விறுவிறுவென்று ஏறிவிடும். மடியில் நிமிர்த்தி வைத்திருப்பதே நல்லது. வீட்டில் பிரிட்ஜில் மூன்று நாலு நாள் நிற்கும், ஈரக் கரண்டி போட்டால் அதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். இளஞ்சிவப்போ பச்சையோ புள்ளி கண்டால் மேலே சுரண்டிவிட்டுச் சாப்பிடக்கூடாது, முழுச்சட்டியையும் வீச வேண்டும்.

ஒரு கிண்ணம், அதாவது 150 கிராம் எருமைத் தயிரில் 10 கிராம் அளவுக்குக் கொழுப்பு. கொலஸ்ரரோல் மருந்து எடுப்பவர்கள் அரைக் கிண்ணத்தோடு நிற்கலாம்.

தயிரில் ஊற்றிச் சாப்பிட அதே கடையில் தொங்கும் கித்துள் பாணிப் போத்தலை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கித்துள் ஈரமான மலைநாட்டு மரம். இந்த வீதியில் நிற்கும் போத்தல் யார் காய்ச்சியது என்று தெரியாது, சீனியைக் கருக்கிக் காய்ச்சிய பாணியும் அதே நிறம்தான். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, விரலில் கம்பி இழுத்துப் பார்ப்பது எல்லாம் பாணியின் தடிப்பை மட்டுமே காட்டும். லேபிளில் தயாரித்தவர் விலாசமும் திகதியும் உள்ள போத்தலை வேறிடத்தில் வாங்குங்கள். அசல் பாணி என்றாலும் ஒரு மேசைக்கரண்டியில் பத்துக் கிராமுக்கு மேல் சீனிச் சத்து உண்டு. "கித்துள்தானே, சலரோகத்துக்கு ஒன்றும் செய்யாது" என்று விற்பவர் சொன்னால் கேட்காதீர்கள்.

அயடீன் நீலமானால் கடைக்காரரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை, திறந்த சட்டி சாட்சிக்கு உதவாது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கடையின் இடத்தையும் வாங்கிய நாளையும் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி கடையிலேயே மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. அளவு, விலை பற்றிய முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தை அழையுங்கள்.