கூலரா, ஏசியா, கூரைக்கு வெள்ளையா? மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு

மூன்று வருடத்துக்கு முன், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஓர் ஏர் கூலர் வாங்கினோம். எங்கள் வீடு சென்னை மேடவாக்கத்தில். தலைக்கு மேலே நேராக மொட்டை மாடிதான். முதல் நாள் சுகமாக இருந்தது. மூன்றாம் நாள் இரவு தலையணை உறையே ஈரமாகிவிட்டது. பிள்ளை கசகசப்பில் தூங்கவே இல்லை. அந்தக் கூலரை மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அம்மா இன்றுவரை அதைத்தான் ஓட்டுகிறார். "எனக்கு ஏசி எதுக்குடா" என்கிறார்.

கூலர் அதேதான், ஊர்தான் வேறு. கூலருக்குத் தெரிந்த ஒரே வேலை தண்ணீரை ஆவியாக்குவது. ஆவியாகும்போது தண்ணீர் காற்றின் சூட்டை எடுத்துக்கொள்ளும். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் எங்கே ஆவியாகும்? வெளியே 39 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கூலர் அந்தக் காற்றை ஏறக்குறைய 28 டிகிரிக்கு இறக்கிவிடும். 36 டிகிரி, 60 சதவீதம் என்றால் 30க்குக் கீழே வருவது கடினம். வருகிற காற்றிலும் ஈரம் கனத்திருப்பதால் வேர்வை காயாது. கடல்காற்று ஊருக்குள் புகுந்த பிறகு சென்னையின் புழுக்கம் இந்த இரண்டாவது கணக்கில்தான் வரும்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். அறை வெப்பமானி ஒன்றின் குமிழில் (காய்ச்சல் பார்ப்பது வேண்டாம்) ஈரத்துணியைச் சுற்றி, ஃபேன் காற்றில் பத்து நிமிடம் வையுங்கள். அது காட்டும் அளவுக்குக் கீழே எந்தக் கூலராலும் போக முடியாது. 25 அருகே நின்றால் தயங்காமல் கூலர் வாங்கலாம். 28ஐத் தாண்டினால் அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். மதுரை, திருச்சி, வேலூர் பக்கம் கோடை மதியங்களில் பெரும்பாலும் கூலர் பக்கமே தீர்ப்பு வரும்.

கூலருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் ஓட்டினால் மதுரையிலும் புழுக்கம்தான். தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிக் கழுவுவதும் கட்டாயம், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். மின்சாரம் 150, 200 வாட்தான் இழுக்கும்.

சரி, சென்னை மாதிரிக் கடலோர ஊர்களுக்கு? இங்கே ஏசிதான், அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. குளிர வைப்பதோடு காற்றின் ஈரத்தையும் அது வடித்து வெளியே விடுகிறது; அந்தக் குழாயில் சொட்டும் தண்ணீர்தான் நம் புழுக்கம். மூன்று ஸ்டாரா, ஐந்து ஸ்டாரா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஏசியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள யூனிட் கணக்கு வருடத்துக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. ஒன்றரை டன்னில் ஐந்து ஸ்டாருக்கும் மூன்று ஸ்டாருக்கும் சுமார் 200 யூனிட் வித்தியாசம் வரும். மார்ச் முதல் ஜூன் வரை இரவு எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டும் வீட்டில் மொத்தமே சுமார் 975 மணி நேரம்தான். ஆக வித்தியாசம் 120 யூனிட் அளவில் சுருங்கிவிடும். அதற்காகப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கலாமா என்பதற்கு உங்கள் கரன்ட் பில்தான் பதில் சொல்லும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். கோடையில் 480, 490 என்று விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு ஐந்து ஸ்டார் நியாயம். 350லேயே முடிந்துவிடும் வீட்டுக்கு மூன்று ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி போதும் என்பேன். ஸ்டார் அளவுகோலைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கடுமையாக்குகிறார்கள். அதனால் பழைய ஸ்டாக்கையும் புதியதையும் ஒப்பிடும்போது நட்சத்திரத்தை எண்ணாமல், லேபிளில் இருக்கும் ஐ.எஸ்.இ.இ.ஆர். (ISEER) எண்ணைப் பாருங்கள்; மின்சிக்கனத்தின் அளவு அது, கூடக்கூட நல்லது.

திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலை ஒட்டி இருப்பவர்கள் வெளி யூனிட்டின் காயிலுக்கு (சூட்டை வெளியே விடும் குழாய்ச் சுருள்) துருத்தடுப்புப் பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்று அதைத்தான் முதலில் அரிக்கும்.

நான் காலம் தாழ்த்திக் கற்றுக்கொண்டது மூன்றாவது வழியை. இரவு பத்து மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, கட்டில்மேல் ஏறிக் கூரையில் கை வைத்துப் பாருங்கள். சுடுகிறதா? பகல் முழுக்க வெயில் குடித்த காங்கிரீட், அந்தச் சூட்டை ராத்திரி உங்கள்மேல் இறக்கிக்கொண்டிருக்கிறது. ஃபேன் அந்த அனலைத்தான் கீழே தள்ளுகிறது. ஏசியோ கூலரோ, எது வாங்கினாலும் முதல் சில மணி நேரம் இந்தக் கூரையோடுதான் மல்லுக்கட்டும்.

கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பது மலிவு, ஆனால் ஒரு மழைக்காலத்தோடு கரைந்துவிடும். வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயின்ட் சில வருடம் தாங்கும். வெள்ளை ஓடு பதிப்பது இன்னும் நீடிக்கும், ஆனால் செலவும் தளத்தின்மேல் பாரமும் கூடும். நாங்கள் பெயின்ட் அடித்தோம். ஏசியை 22ல் வைத்துப் படுத்த அதே அறையில் இப்போது 26ல் வைத்து ஃபேனையும் போட்டால் போதுமாக இருக்கிறது. வெள்ளை மட்டும் போதும், ஏசியே வேண்டாம் என்று சென்னையில் சொல்ல மாட்டேன். ஈரத்தை அது எடுக்காது. மதுரையிலோ வெள்ளைக் கூரையும் கூலரும் சேர்ந்தால் ஏசியை மறந்துவிடலாம்.

கையில் ஒரு செலவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கூரையில் தொடங்குங்கள். மாசி மாதம் சரியான நேரம். வெடிப்புகளை முதலில் அடைத்து, பாசியைச் சுரண்டிக் கழுவி, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு கோட் அடியுங்கள். வருடா வருடம் பங்குனிக்கு முன் ஒருமுறை தேய்த்துக் கழுவிவிடுங்கள், புழுதி படிந்த வெள்ளை அவ்வளவாக வெயிலைத் திருப்பாது.