ஐம்பது வெள்ளிக்கு ஒரு ஃபார்மட்: பினாங்கில் ஹார்ட் டிஸ்க்கோடு அலைந்த கதை

கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வாங்கியதும் கேட்ட ஒரே கேள்வி, "போன் நம்பர் என்ன?" உள்ளே என்ன இருக்கிறது, அது வேண்டுமா, எந்தக் கணினியில் போடப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. அளவெடுக்காமல் ரவிக்கைத் துணியை வெட்டுகிற தையல்காரர் மாதிரி, "மேக்கிலிருந்து விண்டோஸுக்கா? பண்ணிடலாம், 50 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), நாளைக்கு வாங்க" என்று ஒரு துண்டுச் சீட்டைத் திணித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மெல்பர்னிலிருந்து வந்திருந்தேன். கல்யாணம், மண்டபம், சாப்பாடு எல்லாம் நன்றாகவே நடந்தன, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வீடியோ எடுத்த தம்பி, "முழு வீடியோவும் வேணும்னா ஹார்ட் டிஸ்க் கொண்டாங்கக்கா, பென்டிரைவ்ல அடங்காது" என்றார். கையில் 1 டெராபைட் டிஸ்க் இருந்தது, வீட்டில் என் ஆப்பிள் மேக் கணினியோடு பயன்படுத்துவது. அவருடைய விண்டோஸ் கணினியில் செருகியதும், ஃபார்மட் செய்தால்தான், அதாவது உள்ளே இருப்பதை அழித்துப் புதிதாக அமைத்தால்தான், பயன்படுத்த முடியும் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. டிஸ்க்கில் பழுது எதுவும் இல்லை. மேக்கின் கோப்பு முறைமையை, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையை, விண்டோஸுக்குத் தானாகப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். "நான் ஃபார்மட் பண்ண மாட்டேன்கா, அப்புறம் பழி என் மேல வரும்" என்று தம்பி கையை எடுத்துக்கொண்டார். அது நியாயம். என் மேக் மெல்பர்னில் இருக்கிறது. அண்ணனின் ஆபீஸ் லேப்டாப்பில் யூஎஸ்பியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே கடைக்குத்தான் போக வேண்டும்.

இந்த மாதிரி வேலைக்கு 'நாளைக்கு வாங்க' என்பதே எனக்குப் புதிது. நாங்கள் படித்த காலத்தில் விண்டோஸ் தொங்கிப்போனால், அண்ணன் மோட்டாரில் சிபியுவைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கணினிக் கடைகள் இருந்த கொம்தார் கட்டடத்துக்கு விடுவான். பின்னால் நான், மடியில் கேபிள் பை. அங்கே ஒரு சீன அங்கிள், ஸ்க்ரூ டிரைவர் முனையால் முதுகைச் சொறிந்துகொண்டே, போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்பார். நாசி கண்டார் முடித்துத் திரும்பினால் கணினி ஓடிக்கொண்டிருக்கும். விலையில் பேரம் உண்டு, ஆனால் "உள்ளே படம் கிடம் ஏதாவது இருக்கா?" என்று கேட்காமல் அவர் ஒரு திருகாணியைக் கழற்றியதில்லை.

மெல்பர்னில் இதற்கெல்லாம் படிவம். தரவு அழிந்தால் கடை பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் வேலை முடிய ஒரு வாரம் ஆகும், கட்டணத்தைக் கேட்டால் புது டிஸ்க்கே வாங்கிவிடலாம் போலிருக்கும். அங்கே இதைத் திட்டாத நாளில்லை. ஆனாலும் அந்தப் படிவத்தில் முதல் வரியே 'நகல் எடுத்துவிட்டீர்களா?' என்பதுதான். என்னிடம் நகல் இருந்தது, அதனால் பிழைத்தேன். இந்தக் கடைக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

மறுநாள் போனால் டெக்னீஷியன் வரவில்லை. சாயங்காலம் போனேன், கொடுத்தார்கள். ஸ்டூடியோவில் செருகினால் படங்கள் மளமளவென்று ஏறின. தாலி கட்டும் வீடியோ மட்டும் ஏற மறுத்தது, கோப்பு பெரிதாம். டிஸ்க்கில் ஏறக்குறைய முழு இடமும் காலி! தம்பி வலது கிளிக் பண்ணிப் பார்த்தார். ஃபேட்32.

எனக்குத் தலை சுற்றியது. ஃபேட்32 என்பது 1996 வாக்கில் வந்த கோப்பு முறைமை, பழைய சரக்கு. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. கல்யாண வீடியோ எங்கே 4 ஜிபிக்குள் அடங்கும்? இதில் வேடிக்கை என்னவென்றால், விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்குப் பெரிய டிஸ்க்குக்கு ஃபேட்32 என்ற தேர்வையே காட்டி வந்ததில்லை. அதாவது அவர்கள் மெனக்கெட்டு வேறொரு மென்பொருளைத் தேடிப்பிடித்து இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். சும்மா இருந்திருந்தால் சரியாக நடந்திருக்கும்!

கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். "சிஸ்டம் அப்படித்தான் லா, வீடியோவைத் துண்டு துண்டா வெட்டித் தரச் சொல்லுங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல். கெட்டிமேளத்தின் நடுவில் வெட்டு விழட்டும் என்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, வேலை செய்தாயிற்றே என்று பதில். மெல்பர்ன் என்றால் புகார் எழுதியிருப்பேன். இங்கே வாயடைத்துப்போய் வெளியே வந்தேன்.

கோபம் தணியட்டும் என்று குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம் நடந்தேன். லிட்டில் இந்தியாவில் பாட்டுச் சத்தம் அப்படியேதான் இருக்கிறது, காது அடைக்கிறது. பூக்கடைக்குப் பக்கத்தில், போன் உறை தொங்கவிட்ட குறுகலான கடை. சுவரில் 'டேட்டா, ஃபார்மட்' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே இருபது வயது மதிக்கத்தக்க பையன். டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே ஆரம்பித்தான்.

"இதுல பழசு ஏதாச்சும் வேணுமாக்கா? குவிக் ஃபார்மட்தான் பண்ணியிருப்பாங்க, மேல எதுவும் எழுதாத இடத்துல உள்ளதை மீட்டுப் பார்க்கலாம்."

"வேண்டாம்பா, நகல் இருக்கு."

"வீட்டுல மேக், இங்க விண்டோஸ். அப்ப விண்டோஸோட என்டிஎஃப்எஸ் முறை வேண்டாம், மேக் அதைப் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட் போடறேன், ரெண்டுலயும் ஓடும். ஆனா கழட்டும்போது இஜெக்ட் குடுத்துட்டுத்தான் கழட்டணும், வெடுக்குன்னு இழுத்தா இதுல கோப்பு கெட்டுப்போக வாய்ப்பு ஜாஸ்தி. அம்மா டிவியில பார்ப்பாங்களா? எத்தனை வருஷத்து டிவி?"

பழைய டிவி என்றேன். அப்படியானால் அதற்கு எக்ஸ்ஃபேட் தெரியாமல் போகலாம், சுருக்க வீடியோவை மட்டும் சின்ன பென்டிரைவில் ஃபேட்32 போட்டுத் தனியாகக் கொடுங்கள், அது 4 ஜிபிக்குள் வந்துவிடும் என்றான். அதே ஃபேட்32தான், இடம் தெரிந்து சொன்னான். பேசி முடிக்கும் முன்பே வேலை முடிந்தது. சோதனைக்குத் தன்னிடமிருந்த 6 ஜிபி கோப்பு ஒன்றை ஏற்றிக் காட்டி, அழித்து, இஜெக்ட் கொடுத்துக் கையில் வைத்தான். 10 வெள்ளி. ரசீது இல்லை, படிவம் இல்லை. கூட ஐந்து வெள்ளி நீட்டினேன், வாங்கவில்லை.

ஸ்டூடியோவில் வீடியோ முழுசாக ஏறியது. அம்மா பென்டிரைவைப் போட்டு, தன்னை ஏன் பின்னாலிருந்தே எடுத்திருக்கிறார்கள் என்று இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார். சரி, ஆல்பம் எப்போது வரும் என்று தம்பியைக் கேட்டேன். "அடுத்த வாரம் கட்டாயம்கா." என் விமானம் இந்த வாரம்.