வெந்நீர்த் தொட்டிக்குக் குளிர் வேண்டும்: வடசென்னையிலிருந்து நான்கு காட்டுக் கூடாரங்கள்

மரங்களுக்கு நடுவே கித்தான் கூடாரம், உள்ளே மெத்தைக் கட்டில், வெளியே ஆவி பறக்கும் வெந்நீர்த் தொட்டி. கிளாம்பிங், அதாவது சொகுசுக் கூடாரத் தங்கல், விளம்பரம் எதைப் பார்த்தாலும் இந்தப் படம்தான். தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் இருந்து எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: போகிற இடத்தில் இரவு எத்தனை டிகிரி என்று முதலில் பாருங்கள். தொட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தொட்டிக் குளியல் குளிர்நாட்டுச் சரக்கு. பின்லாந்தில் சுமார் 55 லட்சம் மக்களுக்கு 30 லட்சம் சவுனா அறைகள், அதாவது வெப்பக் குளியல் அறைகள், இருக்கின்றன. அந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2020-ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வெளியே பனி கொட்டும்போது உடம்பு சூட்டுக்கு ஏங்குகிறது. சுகம் அந்த ஏக்கத்தில் இருக்கிறது. மே மாத இரவில் ராயபுரத்து மொட்டைமாடியில் விசிறிக்கொண்டு கிடப்பவருக்கு 39 டிகிரித் தண்ணீர் தண்டனையாகத்தான் தோன்றும். சென்னையில் ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மலையில் ஏற ஏற, 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இடங்களைப் பார்ப்போம்.

மிக அருகில் இருப்பவை பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தோப்புகள். மாதவரத்திலிருந்து கிளம்பினால் காலைச் சிற்றுண்டி செரிப்பதற்குள் போய்விடலாம். சனிக்கிழமை அரை நாள் வேலை பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் இது காடு அல்ல, தோப்பு. இரவில் புழுக்கமும் கொசுவும் வீட்டில் இருப்பது போலவே இருக்கும். இங்கே வெந்நீர்த் தொட்டிக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பம்புசெட் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மதியம் மூன்று மணிக்கு, ஐந்து குதிரைசக்தி மோட்டார் தள்ளும் தண்ணீர் தோளில் விழ, சிமென்ட் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருப்பதுதான் இந்தச் சமவெளிக்கு ஏற்ற வெளிப்புற ஸ்பா. முதல்நாளே சொல்லிவைத்தால் சில இடங்களில் நல்லெண்ணெயும் சீயக்காயும் எடுத்துவைப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் நான் இதற்குத்தான் வாக்களிப்பேன்.

அடுத்தது ஏலகிரி. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை என்றால் மற்ற எல்லாவற்றையும் விட இதற்கே முதலிடம். உயரம் சுமார் 1,100 மீட்டர். மேலே சொன்ன கணக்கின்படி சென்னையை விட ஏழு டிகிரி குறைவு. ஜனவரி இரவில் 13, 14 என்று இறங்கும். வெந்நீர்த் தொட்டிக்கு அங்கேதான் பொருள் வருகிறது. தண்ணீருக்கு வெளியே இருக்கும் தோள் சிலிர்க்கும், உள்ளே இருக்கும் உடம்பு இளகும், எழுந்து வரவே மனம் வராது.

போகும் வழியும் வடசென்னைக்காரர்களுக்கு வசதி. காலையில் சென்ட்ரலிலிருந்து புறப்படும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் முற்பகலிலேயே ஜோலார்பேட்டையில் இறக்கிவிடும். அங்கிருந்து பொன்னேரி வழியாக மலைப்பாதை. மீஞ்சூருக்கு அடுத்த நம் பொன்னேரி அல்ல, இது திருப்பத்தூர் மாவட்டத்துப் பொன்னேரி. வரைபடத்தில் தேடும்போது எச்சரிக்கை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள்தான், வாந்தி எடுக்கும் பிள்ளைகளும் தாங்கிவிடுவார்கள். காரில் போவதானால் நகரத்துக்குள் நுழையாமல் மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சேர்ந்துவிடலாம். மணலிப் பக்கத்து கன்டெய்னர் லாரி வரிசை நகரத் தொடங்கும் முன்பே கிளம்பிவிடுவது உத்தமம். திரும்பும்போது ஆம்பூரில் வண்டி தானாக நின்றுவிடும். அதற்கு நான் பொறுப்பல்ல.

குறையும் உண்டு. ஏலகிரியின் மேற்பரப்பு சிற்றூர்களும் பண்ணைகளும் நிறைந்த பீடபூமி. அடர்ந்த காட்டுக்குள் தங்குகிறோம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். வார இறுதியில் பக்கத்து விடுதியின் ஒலிபெருக்கி உங்கள் மரங்களுக்கு இடையிலும் புகுந்துவிடும். நான் தங்கிய ஒரு முகாமில் ஜெனரேட்டரைக் கூடாரத்தின் தலைமாட்டிலேயே வைத்திருந்தார்கள். மின்சாரம் போன நேரமெல்லாம் பறவைச் சத்தமும் போயிற்று. ஆகவே பதிவு செய்யும் முன், கூடாரத்திலிருந்து ஜெனரேட்டர் எவ்வளவு தூரம் என்று கேட்டுவிடுங்கள்.

தொட்டியைப் பற்றி இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். "எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் சார், தண்ணீர் எப்போதும் சூடாகவே இருக்கும்" என்பார்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். 1,000 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 39-க்கு ஏற்ற ஏறத்தாழ 22 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டரானால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். விறகடுப்புத் தொட்டிக்கும் சில மணி நேரம் ஆகும். காலை பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் அறையைக் காலி செய்ய, பகல் ஒரு மணிக்கு நீங்கள் போய் இறங்கும்போது தண்ணீர் தயாராகச் சூடாக இருக்கிறதென்றால், அது அவர்கள் குளித்த தண்ணீர். அதனால் மட்டும் தப்பில்லை. வடிகட்டியும் குளோரினும் ஒழுங்காக இருந்தால் போதும். இல்லையென்றால் தொட்டி விளிம்பில் நீர்மட்டத்தை ஒட்டி வழவழப்பான ஒரு வளையம் படிந்திருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் இறங்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் பாக்டீரியா வேகமாகப் பெருகும், சில நாளில் உடம்பில் சிவந்த பருக்களாகத் தடிக்கலாம். சூடும் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் போதும். கர்ப்பிணிகளும் இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

ஏற்காடு இதைவிட உயரம், 1,515 மீட்டர். குளிர் இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடுதல். மரங்களும் ஏலகிரியை விட மேல்: சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி, ஓக்கைச் சுற்றி ஏறும் மிளகுக் கொடி. எஸ்டேட்டுக்குள் கூடாரம் போட்ட இடம் கிடைத்தால் அந்த நிழலுக்காகவே போகலாம். கோடை மழைக்குப் பின் காப்பி பூக்கும் சில நாட்களில் மல்லிகை போன்ற மணம் கூடாரத்துக்குள் வந்துவிடும். அந்த நேரத்தில் வெந்நீர்த் தொட்டி யாருக்கு வேண்டும்? ஆனால் சேலம் வரை இரவு ரயில், பிறகு மலைப்பாதை, செலவும் கூடும். மூன்று நாள் விடுப்பு இல்லாதவர்கள் இதை எடுக்க வேண்டாம். ஒரே இரவுக்கு அவ்வளவு தூரம் போய்வந்தால் களைப்புதான் மிஞ்சும்.

காடே வேண்டும் என்பவர்களுக்கு வடக்கே ஒரு வழி இருக்கிறது: ஆந்திராவில் தலக்கோணா. மாதவரம் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பதிக்கு ஏறி, அங்கிருந்து பாகராப்பேட்டை வழியாகப் போக வேண்டும். சேஷாசலக் காட்டுக்குள், ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவில் 270 அடி அருவி. தங்குமிடம் எளிமையானது, சொகுசை எதிர்பார்த்தால் முகம் சுளிக்க நேரும். ஸ்பா கிடையாது, தொட்டி கிடையாது. அருவித் தண்ணீரில் மூலிகைச் சத்து இறங்கியிருக்கிறது என்று ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். சத்து இருக்கிறதோ இல்லையோ, முதுகில் விழும் அடி எந்த மசாஜுக்கும் குறைந்ததல்ல. நான்கு இடங்களிலும் உண்மையான காட்டு இரவு இங்கேதான். குரங்குகள் தின்பண்டப் பையை விடாது. செம்மரக் காடு என்பதால் குறித்த பாதையை விட்டு விலகவே கூடாது.

காடு உண்மையாக இருக்கும் இடத்தில் ஆபத்தும் உண்மையாகவே இருக்கும். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். அதன் பிறகே அங்கே கூடார முகாம்கள் மேல் கெடுபிடி வந்தது. காட்டோரக் கூடாரம் என்று எங்கே போனாலும், அது அனுமதி பெற்ற இடமா, இரவில் காவலுக்கு ஆள் உண்டா என்று கேட்பது நாகரிகக் குறைவல்ல. பிப்ரவரி முதல் மே வரை புல் காய்ந்திருக்கும். கேம்ப்ஃபயர் உண்டு என்று பெருமையாகச் சொல்லும் முகாமை அந்த மாதங்களில் தவிர்த்துவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் தீ எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதை மறந்திருக்க மாட்டோம்.

ஏலகிரி போகிறவர்கள் சனிக்கிழமை இரவைக் கையில் வைத்திருந்தால், வாணியம்பாடிக்கு இறங்கி ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலையின் காவலூருக்கும் போய்வரலாம். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. பார்வையாளர் நேரம் மாறக்கூடியது, ஆகவே முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். எண்ணூர்ப் புகைக்கு அடியில் வளர்ந்த கண்களுக்கு அங்கே தெரியும் வானம் புதிது. பொங்கல் விடுமுறையில் மட்டும் இந்தத் திட்டம் வேண்டாம்: ரயிலிலும் இடம் இருக்காது, கூடாரத்திலும் இருக்காது. பொங்கல் கழிந்த அடுத்த வாரம் போனால் அதே குளிர் இருக்கும், கூட்டம் பாதியாகக் குறைந்திருக்கும், வாடகையில் பேரம் பேசவும் முடியும்.